அரசனில் தொடங்கிய ‘செக்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

வங்கியில் கொடுப்பது செக். சதுரங்கத்தில் எதிராளியின் அரசனுக்கு வைப்பது செக். கணக்கைச் சரிபார்ப்பதும் செக். துணியில் கட்டம் கட்டமாக ஓடும் வடிவமும் செக். ஓடி வருபவரை மறித்து நிறுத்துவதும், பொங்கி வரும் கோபத்தை அடக்கிக்கொள்வதும், விடுதியில் அறை எடுப்பதும், அந்த அறையைக் காலி செய்வதும் ஆங்கிலத்தில் இதே சொல்லைக் கொண்டுதான் சொல்லப்படுகின்றன. அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் கேட்டு வாங்கும் பில்லுக்கும் செக் என்றே பெயர்.

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருப்பவர் அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் மலைத்துப்போவார். ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போலத் தோன்றும் பொருள்கள் வரிசையாக நிற்கும். பலர் அவற்றை நெட்டுருப் போட முயல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கு முந்திய பொருளிலிருந்து ஓரடி தள்ளிப் பிறந்தவை. அந்த அடிகளை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் நெட்டுருவுக்கு வேலையே இல்லை. நடையைப் பாரசீகத்து அரசனிடமிருந்து தொடங்க வேண்டும்.

‘ஷா’ என்ற குரல்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்த ஆட்டம். யானை, தேர், குதிரை, காலாள் என்று படைக்கு நான்கு உறுப்புகள் இருப்பதால் அந்தப் பெயர். ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் அது பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆனது. அங்கிருந்து அரபியரிடம் சென்று ‘ஷத்ரஞ்ச்’ ஆனது.

எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்தில் காயை வைக்கும்போது ‘ஷா’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது பாரசீகர் வழக்கம். ‘ஷா’ என்றால் அவர்கள் மொழியில் அரசன். ‘உன் அரசனைக் காப்பாற்றிக்கொள்’ என்பது அந்த ஒற்றை எழுத்துக்குள் அடங்கிய செய்தி. ஈரானை ஆண்ட மன்னர்களை ‘ஷா’ என்று அழைத்தது நமக்குத் தெரியும். பழம்பாரசீகத்தில் ‘க்ஷாயதிய’ என்றிருந்த சொல் தேய்ந்து ‘ஷா’ ஆயிற்று. வடமொழியில் ‘க்ஷத்ர’, ‘க்ஷத்திரியர்’ என்பவையும் அதே வேரிலிருந்து வந்தவைதான்.

அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது இந்தக் குரலும் கூடவே போனது. இடைக்கால லத்தீனில் அது ‘ஸ்காக்கஸ்’. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நெடுங்காலம் அங்கே அரசவையின் மொழி பிரெஞ்சுதான். அந்த வழியில் ஆங்கிலத்துக்குள் வந்த எஸ்செக், முன்னொலியை உதிர்த்துவிட்டுச் ‘செக்’ என்று நின்றது. 1300 வாக்கில் சதுரங்கச் சொல்லாக அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது.

எஸ்செக் என்பதன் பன்மை எஸ்செஸ். அதுவும் முன்னொலியை இழந்தது, கிடைத்தது ‘செஸ்’. ஆக, செஸ் என்பது செக்கின் பன்மை. வேரைப் பார்த்தால் ‘அரசர்கள்’ என்று பொருள். ஐரோப்பாவின் பல மொழிகள் ஆட்டத்துக்கு அரசன் பெயரையே வைத்துக்கொண்டன. ஜெர்மனில் ஷாக், இத்தாலியத்தில் ஸ்காக்கி, ரஷ்ய மொழியில் ஷாக்மத்தி. நம் ‘சதுரங்கம்’ பிழைத்திருப்பது ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில். ஸ்பானியத்தின் ‘அஹெத்ரெஸ்’, போர்ச்சுகீசியத்தின் ‘ஷத்ரேஸ்’ இரண்டும் அரபியின் ஷத்ரஞ்சிலிருந்து வந்தவை. நீண்ட காலம் அரபியர் ஆண்ட நிலம் என்பதால் ஆட்டத்தின் பெயரையே நேராக எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை முடிக்கும் ‘செக்மேட்’ பாரசீகத்தின் ‘ஷா மாத்’. ‘அரசன் இறந்தான்’ என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான். ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்குச் செயலற்று நிற்பது, வழியற்றுப் போவது என்ற பொருள் உண்டு. அறிஞர்களில் பலர் இந்த இரண்டாவது விளக்கத்தையே ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் எந்தக் காயும் அரசனை வெட்டுவதே இல்லை. தப்ப வழியில்லாமல் அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் நிறுத்து

அரசனைக் குறித்த சொல் ‘தடு’ என்ற பொருளுக்கு எப்படி வந்தது? ஆட்டத்தின் விதியிலேயே விடை இருக்கிறது. செக் என்று கேட்டவுடன் ஆட்டக்காரர் மனத்தில் போட்டு வைத்திருந்த திட்டங்களை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். அரசனை நகர்த்தலாம், குறுக்கே ஒரு காயை வைக்கலாம், தாக்கும் காயை வெட்டலாம். வேறு எதையும் செய்ய விதி இடம் தராது. அந்தக் குரல் எதிராளியின் போக்கை அப்படியே நிறுத்திவிடுகிறது.

பலகையின் மேல் நிகழும் இந்த நிறுத்தம் 14ஆம் நூற்றாண்டிலேயே வாழ்க்கைக்கும் பொருந்தும் சொல்லாகிவிட்டது. எதிர்பாராத தடங்கலைச் செக் என்றார்கள். பின்னடைவையும் செக் என்றார்கள். குதிரையின் கடிவாளத்தை இழுத்து அதன் வேகத்தைக் கட்டுவது, நாவை அடக்குவது எல்லாம் இந்தக் கிளையில் வந்தவை. பனி ஹாக்கியில் எதிரணி வீரரை உடம்பால் மோதி நிறுத்துவதற்கு இன்றும் ‘பாடி செக்’ என்று பெயர்.

அரசியலில் இந்தப் பொருள் மிகவும் கனமானது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்ற தொடர் தவறாமல் வரும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை மீண்டும் நிறைவேற்றலாம். ஒருவர் அதிகாரத்தை மற்றவர் தடுத்து வைக்கும் இந்த ஏற்பாட்டில் செக் என்பதற்குச் சரிபார்ப்பு என்று பொருள் கொண்டால் முழுத் தொடரும் கெட்டுவிடும். மொழிபெயர்ப்பில் இந்தப் பிழையை அடிக்கடி காண முடிகிறது. இங்கே செக் என்பது தடை, அதாவது அரசனை நோக்கி வைக்கப்பட்ட காய்.

பலகையிலிருந்து கஜானாவுக்கு

இன்னொரு கிளை, ஆட்டத்தை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டது. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியர்’ என்று பெயர். கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்ட எதுவும் செக் ஆனது இதனால்தான். கட்டம் போட்ட துணி, கார் பந்தயத்தின் முடிவில் அசைக்கும் கட்டக்கொடி, அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்று அழைக்கும் பலகை ஆட்டம் எல்லாம் ஒரே வரிசை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த ஒருவரின் வாழ்க்கையை ‘செக்கர்டு’ என்று ஆங்கிலத்தில் வருணிப்பதும் அந்தக் கறுப்பு வெளுப்புக் கட்டங்களை வைத்துத்தான்.

இந்தக் கிளையின் மிகச் சுவையான பகுதி இங்கிலாந்தின் கருவூலத்தில் இருக்கிறது. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். எக்ஸ்செக்கர் என்பது மேலே சொன்ன எஸ்செக்கியர்தான். சதுரங்கப் பலகைக்கும் வரிப்பணத்துக்கும் என்ன தொடர்பு?

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அந்த அலுவலகம் நடக்கும் விதத்தைக் கேள்வி பதில் வடிவில் ஒரு லத்தீன் நூலாக எழுதி வைத்திருக்கிறார். அதில் எக்ஸ்செக்கர் என்ற மேசையை அவர் விவரிக்கிறார். நீளம் ஏறத்தாழ பத்தடி, அகலம் ஐந்தடி. மேலே வைப்பது உருண்டு விழாமல் இருக்க நாற்புறமும் நான்கு விரல் உயர விளிம்பு. மேசையின் மேல் கறுப்புத் துணி. அதில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்னிகளுக்கு ஒன்று, ஷில்லிங்குகளுக்கு ஒன்று, பவுண்டுகளுக்கு ஒன்று, பிறகு இருபது பவுண்டுகள், நூறு, ஆயிரம் என்று அது விரியும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசருக்காக வரி தண்டிய ஷெரீஃப் வந்து மேசை முன் உட்கார வேண்டும். அவர் கட்ட வேண்டிய தொகையை ஒரு வரிசையில் வில்லைகளாக அடுக்குவார்கள். கட்டிய தொகையை அதன் கீழே அடுக்குவார்கள். மேலிருந்து கீழ் வரிசையைக் கழித்துக்கொண்டே போனால் மீதி எவ்வளவு என்பது கண்ணெதிரே நிற்கும். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு தாளில் கழித்தல் செய்வது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபும் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது. இதற்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் என்ற கேள்விக்கும் ஃபிட்ஸ்நீல் விடை சொல்கிறார். மேசையின் தோற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் பிரதமர்கள் 1921 முதல் ஓய்வுக்குப் பயன்படுத்தும் ‘செக்கர்ஸ்’ மாளிகையின் பெயரும் இங்கிருந்தே வந்தது என்று கருதப்படுகிறது. அந்த நிலத்தை 12ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தவர் எக்ஸ்செக்கர் அலுவலகத்தின் வாயிற்பணியாளர்.

தடுப்பது சரிபார்ப்பது ஆன கதை

இன்று செக் என்றதும் முதலில் மனத்தில் தோன்றுவது சரிபார்த்தல். வரலாற்றில் அது பிந்தி வந்த பொருள்; 17ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்குப் பாலமாக இருந்தது மோசடி. கணக்கில் திருட்டு நடக்காமல் தடுக்க வேண்டும் என்றால் இன்னொருவர் அதே கணக்கைத் தனியாக எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்த இரண்டாவது கணக்கு முதல் கணக்கின் மேல் வைக்கப்பட்ட செக், அதாவது தடை. காலப்போக்கில் தடை பின்னுக்குப் போய், ஒப்பிடும் செயலே செக் ஆகிவிட்டது.

‘கன்ட்ரோல்’ என்ற சொல் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ரா ரோட்டுலஸ்’ என்றால் எதிர்ச்சுருள், அதாவது சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் கணக்குச் சுருளின் படி. சரிபார்ப்பில் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வந்து முடிந்தது அது. தடுப்பதும் சரிபார்ப்பதும் எவ்வளவு நெருக்கமான செயல்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பிடுவதற்கு இரண்டு படிகள் வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் புதிய பொருள்கள் விறுவிறுவெனப் பிறந்தன. பயணப் பெட்டியில் ஓர் எண் அட்டை, பயணியின் கையில் அதே எண்ணுள்ள இன்னோர் அட்டை. இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி கிடைக்கும். அந்த அட்டை செக். பெட்டியை அப்படி ஒப்படைப்பதும் செக். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்ப்பதற்குக் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’. அழைப்பை ஏற்க முடியாதபோது ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்று சொல்ல அமெரிக்கர்கள் இன்று இந்தத் தொடரைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டியலில் பார்த்து முடித்ததற்கு அடையாளமாகப் போடும் குறியும் செக்.

வங்கிக் காசோலையும் இந்தக் குடும்பம்தான். 18ஆம் நூற்றாண்டில் செக் என்பது பணம் எடுக்கும் சீட்டைக் குறிக்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் அடிக்கட்டையைத்தான் குறித்தது. சீட்டில் யாராவது தொகையைத் திருத்தினாலோ போலிச் சீட்டு அடித்தாலோ அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மோசடிக்கு அதுதான் தடை. பிறகு அடிக்கட்டையின் பெயர் சீட்டுக்கே வந்துவிட்டது. பிரிட்டனில் இந்தச் சொல்லை எழுதும்போது எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிக் ‘க்யூ’ எழுத்தைச் சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். அரசனின் பெயரிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள், தடையும் பலகையும், பிரிட்டனின் காசோலையில் எழுத்தளவில் மறுபடி சந்தித்துக்கொண்டன.

ஒலி ஒன்று, பிறப்பு வேறு

எல்லாச் சொற்களையும் இப்படி ஒரே வேரில் கட்டிவிட முடியாது. ‘செக் குடியரசு’ என்ற நாட்டுப் பெயரைத் தமிழில் எழுதினால் அதே இரண்டு எழுத்து; ஆங்கிலத்திலும் ஒலி ஒன்றுதான். ஆனால் அது அந்த ஸ்லாவிய மக்களின் சொந்தப் பெயரிலிருந்து வந்தது. பாரசீக அரசனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பொருள் தேடும்போது இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது. ஒரு சொல் கிளைத்துப் பல பொருள் பெறுவது ஒரு வகை. வெவ்வேறு இடங்களில் பிறந்த சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வது இன்னொரு வகை. தீப்பெட்டியின் ‘மேட்ச்’ விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; போட்டியாகவும் பொருத்தமாகவும் வரும் ‘மேட்ச்’ இணை, துணை என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். நாளைக் குறிக்கும் ‘டேட்’ லத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்று கடிதத்தில் எழுதிய வாசகத்தின் மிச்சம்; பேரீச்சம்பழத்தின் ‘டேட்’ விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘டாக்டிலோஸ்’ வழியாக வந்தது.

‘கேஷ்’ என்ற சொல் தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாணயத்தையும் தென்னிந்தியாவின் சிறு நாணயத்தையும் குறிக்கும் கேஷ் நம் ‘காசு’. போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ் தந்த கேஷ் உண்மையாகவே இருக்கிறது. அது கடைக்காரர் கேட்கும் கேஷ் இல்லை, அவ்வளவுதான்.

நல்ல அகராதிகள் இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும். பிறப்பு வேறாக இருந்தால் அதே சொல்லைத் தனித்தனித் தலைச்சொற்களாக எழுதி மேலே 1, 2 என்று சிறிய எண் போடும். ஒரே சொல்லின் கிளைகள் என்றால் ஒரே தலைச்சொல்லின் கீழ் வரிசைப்படுத்தும்.

படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படி முடிவு செய்வது? இதற்குத் தொல்காப்பியம் வழி சொல்லியிருக்கிறது. ‘பலபொருள் ஒருசொல்’ என்பதைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே எடுத்துக்கொண்டு, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவாகும் என்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு, வினை காட்டிக்கொடுக்கிறது. ‘மாவும் மருதும்’ என்றால் கூட நிற்கும் மருது காட்டிக்கொடுக்கிறது. கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரையைக் கேட்கிறான் என்று அவன் நிற்கும் சூழலே சொல்லிவிடுகிறது.

இந்த மூன்று வழிகளும் ஆங்கிலச் செக்குக்கு அப்படியே பொருந்துகின்றன. நாமே பேசும்போது அறியாமல் இதைப் பின்பற்றுகிறோம். ‘செக் வைத்தார்’ என்றால் தடை, ‘செக் செய்தார்’ என்றால் சரிபார்ப்பு, ‘செக் கொடுத்தார்’ என்றால் காசோலை. வினையை மாற்றியவுடன் பொருள் மாறிவிடுகிறது. ‘செக் போட்டார்’ என்று வந்தால் மட்டும் வங்கியா பலகையா என்று அருகில் உள்ள சொற்களைப் பார்க்க வேண்டும். ஆங்கில வாக்கியத்திலும் பக்கத்தில் கையெழுத்து, தொகை, கணக்கு என்ற சொற்கள் தென்பட்டால் காசோலை. அதிகாரம், பேராசை, கோபம் என்று வந்தால் தடை. பட்டியல், பிழை, விவரம் என்றால் சரிபார்ப்பு.

அகராதியைப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி வரலாற்று வரிசையில் செல்வது. பழைய பொருள் முதலில் வரும். அதனால் அங்கே செக் சதுரங்கத்தில் தொடங்கும். கற்பவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைப்பதால் அங்கே சரிபார்ப்பு முன்னால் நிற்கும். அவசரத்துக்குக் கற்பவர் அகராதி போதும். ஒரு சொல்லை உண்மையில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்றால் வரலாற்று வரிசையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் ‘செட்’ போன்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 400க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன.

அடுத்ததாக ‘போர்டு’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். முதலில் அது வெறும் பலகை. பலகையால் செய்த சாப்பாட்டு மேசையும் போர்டு ஆனது. மேசையில் பரிமாறும் உணவும் போர்டு ஆனது. உணவோடு தங்குமிடம் தரும் ‘போர்டிங்’ அங்கிருந்து வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் நிர்வாகக் குழுவான போர்டு. இவ்வளவும் ஒரே கிளை. கப்பலில் ஏறுவதைக் குறிக்கும் ‘ஆன் போர்டு’ மட்டும் சற்றுச் சிக்கலானது. கப்பலின் பக்கத்தையும் விளிம்பையும் குறித்த இன்னொரு பழைய ஜெர்மானியச் சொல் இதே ஒலியில் இருந்தது. இரண்டும் மிகப் பழங்காலத்திலேயே கலந்துவிட்டன. கிளைத்தலும் கலத்தலும் ஒரே சொல்லில் நடந்திருக்கின்றன.